பத்து ராகம், இரண்டு பிறவி

கேள்வி: 1982இல் வந்தபோதே விற்காத இசைத்தட்டை 2010இல் மறுபடி வெளியிட்டால் மட்டும் யார் கேட்பார்கள்?
– வாசகர், பதுளை

பதில்: ஐரோப்பாவே கேட்டு ஆடியதே! பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் சிந்தசைசரில் வாசித்த தட்டு அது. அவர் பயன்படுத்திய அதே ரோலண்ட் டிபி-303 வகைக் கருவியில் சிகாகோ இளைஞர்கள் ‘ஆசிட் டிராக்ஸ்’ என்ற நடன இசைத்தட்டை வெளியிட்டது 1987இல்தான். தட்டு முந்திப் பிறந்துவிட்டது. காதுகள் பிந்திப் பிறந்தன. எழுபதைக் கடந்த பிறகு வெளிநாட்டு மேடைகள் அவரை அழைத்தன. 2015இல் மறைந்தார்.

தட்டு மிஞ்சியதால்தான் மறுவெளியீடு நடந்தது. ஊவாத் தோட்டங்களில் காமன் கூத்தையும் தப்பு அடியையும் பதிந்த கசெட் உங்கள் லயத்தில் யாரிடமாவது இருக்கிறதா? பூஞ்சணம் பிடிக்குமுன் பிரதி எடுத்துவிடுங்கள். நாளைய காதுகளுக்கு அது வேண்டும்.