தாத்தா சாட்சி!

கே: அசாமின் தாய்-அஹோம் மக்கள் பேசுவது அசாமிய மொழி, பெரும்பாலோர் இந்துக்கள். பிறகு எதை வைத்துத் தனி இனம் என்கிறார்கள்?

ப: செத்துப்போன தாத்தாக்களை வைத்து! 1228-இல் இவர்களின் முதல் அரசர் சுகபா பட்காய் மலை தாண்டி அசாமுக்கு வந்தார். அவர் வம்சம் ஏறக்குறைய 600 ஆண்டுகள் ஆண்டது. வழக்கமாக ஜெயித்தவன்தான் தோற்றவன்மேல் மொழியைத் திணிப்பான். இங்கே ஆண்டவர்களே மெல்ல மெல்லக் குடிமக்களின் மொழிக்கும் மதத்துக்கும் மாறிப்போனார்கள். பழைய அஹோம் மொழி பூசாரிகளின் ஏடுகளிலும் மந்திரங்களிலும் ஒதுங்கிக்கொண்டது. நல்லவேளை, நடந்ததையெல்லாம் ‘புரஞ்சி’ என்ற வரலாற்று ஏடுகளில் எழுதிவைத்திருந்தார்கள்.

கே: ஏட்டை வைத்துக்கொண்டு இனம் வாழுமா?

ப: வாழாது, அதற்குச் சடங்கு வேண்டும். ஆண்டுதோறும் ஜனவரி 31-இல் ‘மே-டாம்-மே-ஃபி’ என்று முன்னோருக்குப் படையல் போடுகிறார்கள். அன்றைக்கு அசாமில் அரசு விடுமுறை. தாத்தாவை நம்பாதவரும் லீவை நம்புவார்! ‘சக்லாங்’ திருமணத்தில் வரிசையாக அகல் விளக்குகள் எரிய, மணமகள் மாப்பிள்ளைக்கு ‘ஹெங்டாங்’ வாளைக் கொடுக்கிறாள். தன்னைக் காப்பாற்றத்தானாம், யாரிடமிருந்து என்பதை மாமியார் கேட்காமலிருப்பது நல்லது.

கே: மதம் மாறினால் அடையாளம் போய்விடும் என்கிறார்களே?

ப: சாமி மாறியும் இவர்கள் சமாதியை விடவில்லையே! சராய்தேவில் மண்மேடுகளாக நிற்கும் அரச கல்லறைகளை 2024-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கும்பிடும் சாமியைவிட, மறக்காத பாட்டன்தான் ஓர் இனத்துக்குப் பலமான ஆதாரம்.