ஒன்றரைக் கோடி தோசை பார்சல்

மாட்சிமை தங்கிய ஃபெடரல் தகவல் தொடர்பு ஆணையத்தின் சமூகத்துக்கு, நியூஜெர்சி எடிசனில் மகன் வீட்டில் வசிக்கும் எழுபத்தொரு வயது மனுதாரர் சார்பில் பணிந்து எழுதுவது.

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. மனுதாரர் அடுப்பில் பால் வைத்திருந்தார். போன் அடித்தது. முன்பின் தெரியாத ஒருவர், "லோன் தர்றேன், லோன் தர்றேன்னு ஏன் உயிரை எடுக்கிறே?" என்று இங்கிலீஷில் கத்தினார். மனுதாரர் யாருக்கும் கைமாற்றாக நூறு டாலர்கூடக் கொடுத்ததில்லை. யாரோ ஒரு புண்ணியவான் மனுதாரரின் எண்ணை மாட்டிக்கொண்டு ஊரெல்லாம் அழைக்க, ஊர் திருப்பி அடித்தது. மத்தியானத்துக்குள் பதினோரு பேர். பதினோரு பேரிடமும் மனுதாரர் "ஸாரி" சொன்னார். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது.

புண்ணியவான் யார் என்பது தெரியாது.

அழைப்பவரின் எண்ணைக் காட்டும் வசதியை 1987இல் முதலில் விற்றது இதே நியூஜெர்சியின் பெல் கம்பெனிதான். பெயர் சொல்லாமல் போனில் தொல்லை கொடுப்பவன் மாட்டிக்கொள்வான் என்று அன்றைக்குப் பேச்சு. இப்போது அதே எண்தான் அவனுக்கு முகமூடி. 2003இல் வந்த 'கூப்பிடாதே' பட்டியலில் மனுதாரரின் எண்ணும் இருக்கிறது. மரியாதை தெரிந்தவர்கள் அதை மதித்துக் கூப்பிடாமல் இருக்கிறார்கள்.

ஆணையத்தின் கண்டிப்பைப் பற்றி மனுதாரருக்குச் சந்தேகமே இல்லை. 2015 முதல் இத்தகைய அழைப்புகளுக்காக ஆணையம் விதித்த அபராதம் 20.84 கோடி டாலர் என்றும், அதில் வசூலானது 6,790 டாலர் என்றும் 2019இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. எடிசன் ஓக் ட்ரீ ரோட்டில் மசால் தோசை 14 டாலர் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய ஒன்றரைக் கோடி தோசைக்கு ஆர்டர் கொடுத்து 485 தோசை மேஜைக்கு வந்திருக்கிறது. சட்னி தனி.

காரணமும் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆணையம் பில் போடலாம். கட்டாதவன்மேல் வழக்குப் போட்டு வாங்குவது நீதி அமைச்சகத்தின் வேலை. டோக்கன் ஒரு கவுண்டர், தோசை வேறு கவுண்டர்.

ஆனாலும் ஆணையம் சளைக்கவில்லை. 2021இல் நூறு கோடி அழைப்புகளுக்காக டெக்சாஸ் ரைசிங் ஈகிள் கம்பெனிக்கு 22.5 கோடி டாலர்: ஒரு கோடியே அறுபது லட்சம் தோசை. 2023இல் கார் வாரண்டி விற்பதாக அழைத்த கும்பலுக்கு 29,99,97,000 டாலர், கிட்டத்தட்ட பாட்டா செருப்பு விலை. மூன்று மாதத்தில் 500 கோடிக்கு மேல் அழைத்தவர்கள் அவர்கள். தோசைக் கணக்கை மனுதாரரின் பேரன் போட்டுக்கொண்டிருக்கிறான்.

அந்தக் கும்பலை நிறுத்தியது அபராதம் அல்ல. 2022 ஜூலையில் இவர்களின் அழைப்புகளை ஏற்காதீர்கள் என்று ஆணையம் போன் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. வாரண்டி அழைப்பு 99 சதவீதம் குறைந்ததாக ஆணையமே பெருமையோடு சொன்னது. அப்படியென்றால் முடியும். ஒரு கையெழுத்தில் முடியும். முடிகிற காரியத்துக்கு ஐந்நூறு கோடி அழைப்பு வரைக்கும் ஏன் காத்திருந்தீர்கள்? ஒரு கிழவி காலை ஏழு மணிக்கு யாரோ முகம் தெரியாதவனிடம் திட்டு வாங்குவது எந்தக் கணக்கில் வரும்?

மன்னிக்க வேண்டும், தோசைக்கல் சூடாகிவிட்டது. எண் உண்மையானதுதானா என்று முத்திரை குத்தும் ஏற்பாட்டையும் 2021 ஜூன் 30க்குள் கொண்டுவரச் செய்தது ஆணையமே. ஜேம்ஸ் பாண்ட் குடிக்கும் மதுவை நினைத்து அதற்குப் பெயர் வைத்தார்கள். இன்டர்நெட் முறைக்கு மாறாத பழைய லைன் வழியாக வந்தால் முத்திரை வழியிலேயே உதிர்ந்துவிடும் என்பதைத் தவிர அதில் குறையொன்றும் இல்லை.

மனுதாரருக்கு நஷ்டஈடு வேண்டாம், தோசையும் வேண்டாம். அழைத்தது இந்த அம்மாள் இல்லை என்று அந்தப் பதினோரு பேருக்கும் ஆணையம் ஒரு வரி எழுதினால் போதும். பதிலைத் தபாலில் அனுப்பவும். போனை மகன் சைலண்டில் போட்டுவிட்டார்.