எல்லாம் ஒரே இஞ்சியா?

கேள்வி: ஆம்பூர் பிரியாணியிலும் இஞ்சி, டீயிலும் இஞ்சி, இருமினால் சுக்குக் காபி. எல்லாம் ஒன்றுதானே? அதை மருந்து என்பது சும்மா பேச்சா?
– ஒரு வாசகி, கணியம்பாடி

பதில்: கிழங்கு ஒன்றுதான், காரம் மூன்று. பச்சை இஞ்சியைக் கடித்ததும் சுரீரென்று ஏறுவது ஜிஞ்சரால். அது காய்ந்து சுக்காகும்போது ஒரு நீர் மூலக்கூறு கழன்று ஷோகால் ஆகிறது. காரமும் இரட்டிப்புக்கு மேல் கூடுகிறது. பிரியாணிக்கு விழுதை வதக்கும்போது ஜிஞ்சராலில் ஒரு பகுதி உடைந்து சாதுவான ஜிஞ்சரோன் ஆகிறது. ஆகவே ‘இஞ்சி நல்லது’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்த வடிவில், எவ்வளவு, எதற்கு என்று கேட்க வேண்டும்.

குமட்டலுக்குச் சான்று இருக்கிறது. எலும்புப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெற்ற சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இஞ்சிப் பொடி கொடுத்துப் பார்த்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். வெற்றுப்பொடி பெற்றவர்களைவிட இவர்களுக்குக் கடும் குமட்டலும் வாந்தியும் குறைந்தன. குடலில் வாந்தியைக் கிளப்பும் செரட்டோனின் ஏற்பிகளை இந்தக் காரங்கள் தடுப்பது ஒரு காரணமாகலாம். ‘அப்படியானால் மாத்திரை எதற்கு?’ என்று கேட்பீர்கள். இரு தரப்புமே வழக்கமான வாந்தித் தடுப்பு மருந்தையும் பெற்றன; இஞ்சி அதற்குத் துணைதான். புற்றுநோயையே இஞ்சி கொல்லும் என்பவர்கள் ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களைக் காட்டுகிறார்கள். விழுங்கிய ஜிஞ்சராலைக் குடலும் கல்லீரலும் சீக்கிரமே உருமாற்றிவிடுவதால், தட்டில் இருக்கும் அளவு செறிவு ரத்தத்தில் வருவதில்லை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து சாப்பிடுகிறவர்கள் இஞ்சி மாத்திரை வாங்குமுன் டாக்டரிடம் சொல்லுங்கள். பிரியாணியில் போகும் இஞ்சிக்கு அந்த அனுமதி வேண்டாம்.