குட்டி கொடுப்போர் இலக்கணம்

ராஜபாளையம் நாய்க்குட்டி கொடுப்போர் மூவகைப்படுவர்: வளர்ப்போர், பெருக்குவோர், கைமாற்றுவோர். 'நண்பனின் மச்சான்' என நாலாவது வகையொன்றைச் சிலர் கூட்டுவர். விசாரித்தால் அவரும் இம்மூவருள் ஒருவராகவே முடிவார் என்பதால் அது மிகை.

கைமாற்றுவோரை அறிதல் எளிது. வாட்ஸ்அப்பில் குட்டியின் படம் வந்த சூட்டோடு ஜிபே எண்ணும் வரும். தாயைக் காட்டச் சொன்னால், தாய் எப்போதும் ஊரில் இருக்கும். எந்த ஊர் என்று கேட்பது மரபன்று.

பெருக்குவோர் காகிதம் உடையோர், இல்லோர் என இருவகையர். மயக்கம் வருவது முன்னவரிடம்தான். கென்னல் கிளப் சான்று குட்டியின் பரம்பரையைச் சொல்லும்; காதைப் பற்றி வாய் திறக்காது. இங்கே விரிவுரை வேண்டும். இந்த இனத்துக்குப் பால்வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும் அழகு. ஆனால் நிறமிச் செல்கள் உள்காதுக்கும் தேவை. அவை அங்கே இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே குட்டிக்குச் செவி போய்விடும். செவிட்டுக் குட்டி பலே கெட்டி. கூடப் பிறந்தவை ஓடினால் தானும் ஓடி, வாங்க வந்தவரை ஏமாற்றிவிடும். ஆகையால் எல்லாம் தூங்கும்போது, தள்ளி நின்று ஒரு தட்டைத் தட்டுக. மற்றவை தலைதூக்க, ஒன்று மட்டும் அசையாது கிடப்பின் அதுவே அது. ஒற்றைக் காது கேட்கும் குட்டி இதிலும் தேறிவிடும் என்பது புறனடை.

எஞ்சியவர் வளர்ப்போர். இவரிடம் நாம் கேள்வி கேட்கப் போனால், கேள்வி நமக்கு வரும்: தனி வீடா? சுற்றுச்சுவர் எத்தனை அடி? பகலில் வீட்டில் யார்? பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையைக் குடைவதுபோல் குடைவார். போன ஈத்தில் செவிடு விழுந்ததா என்றால் மழுப்பாமல் சொல்வார். விழுந்திருந்தால் அந்த ஜோடியை மறுபடி சேர்க்கமாட்டார். தாயைக் கூட்டிவந்து நிறுத்துவார். மடி தொங்கலாம், குற்றமில்லை; விலா எலும்பை எண்ண முடிந்தால் எழுந்து வந்துவிடுக. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கலாகாது, 18 மாதம் நிரம்பாத பெட்டையை இணை சேர்க்கலாகாது, ஆயுளுக்கு 5 ஈத்துக்கு மேல் கூடாது என்பன 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள். இவற்றை இவர் படித்திருக்கமாட்டார், ஆனால் மீறியுமிருக்கமாட்டார்.

இவரிடம் உள்ள ஒரே குறை, கேட்ட நேரத்தில் குட்டி இராது. "அடுத்த ஈத்துக்குச் சொல்லி அனுப்புறேன் தம்பி" என்பார்.

வாங்குவோர் இருவகையர்: காத்திருப்போர், ஞாயிற்றுக்கிழமை மகனுக்குப் பிறந்தநாள் என்போர். பின்னவருக்காகவே கைமாற்றுவோர் இரவு பதினோரு மணிக்கும் போனை எடுக்கிறார்கள்.