பி-7 மூணு நாளா ஆப்சென்ட்

திருவொற்றியூர் தேரடியிலிருந்து எண்ணூர் வரைக்கும் தெருவுக்கு ஒருவர் தவறாமல் இருப்பார். முப்பத்தைந்து வருஷம் ஏதோ ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்து ரிட்டயர் ஆனவர். எங்கே சங்கு ஊதினாலும் அவர் கண் வாட்ச்சுக்குப் போகும். அதட்ட ஆள் இல்லாமல் ஆறு மாதம் வீட்டுக்குள் தவிப்பார். அண்ணியை அதட்டிப் பார்ப்பார், நடக்காது. பிறகு ஒருநாள் மொட்டை மாடிக்கு ஏறுவார். இறங்கி வரும்போது அவர் மாடித்தோட்ட ஃபோர்மேன்.

எங்கள் ஃபோர்மேன் அண்ணன் காலடிப்பேட்டைக்காரர். ஊர் உலகம் ஆடிப்பட்டம் தேடி விதைக்கும். அவருக்குப் பட்டம் டிசம்பர்தான், பழைய கம்பெனியிலிருந்து புது வருஷ டைரி வந்து சேரும் மாதம். வெளியே வடகிழக்குப் பருவமழை பிளந்து கட்டும், தெருவில் முழங்கால் தண்ணி நிற்கும். அவரோ கட்டிலில் சம்மணம் போட்டு, மே மாத வெண்டைக்கு எத்தனை மக்கு தண்ணீர் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

டைரிக்குள் நாலாய் மடித்த கிராஃப் ஷீட் ஒன்று உண்டு. மாடி இருபதுக்கு முப்பது, அடிக்கு ஒரு சென்டிமீட்டர். தண்ணித் தொட்டி, டிஷ், படிக்கட்டுத் தலைப்பு எல்லாம் அச்சு அசலாக இருக்கும். துணிக்கொடி இருக்கும் இடத்தில் மட்டும் சிவப்பு மையில் 'பேச்சுவார்த்தையில் உள்ளது' என்று எழுதியிருப்பார். எதிர்த் தரப்பு அண்ணி. ஏழு வருஷமாகப் பேச்சுவார்த்தை முறிந்தே கிடக்கிறது.

ஆள் படை என்று பார்த்தால் மொத்தம் பன்னிரண்டு பை. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுக்கும் மாடித்தோட்ட கிட்டில் வந்தவைதான் பாதி. சென்னையிலும் கோவையிலும் 2013 வாக்கில் தொடங்கிய திட்டம் அது. மண்ணுக்குப் பதில் தென்னைநார்க் கழிவைக் கட்டியாக அழுத்திக் கொடுப்பார்கள், தண்ணீர் விட்டால் ரவா உப்புமா மாதிரி பொங்கும். தளத்துக்குப் பாரம் ஏறாது. அண்ணன் ஒவ்வொரு பைக்கும் பித்தளை டோக்கன் அடித்துத் தொங்கவிட்டிருக்கிறார். டூல் ரூமில் ஸ்பேனர் வாங்கும்போது கொடுப்பார்களே, அதே வட்டம், அதே ஓட்டை, எண் பஞ்ச் செய்தது. காலை ஆறு மணிக்கு ரவுண்ட்ஸ்.

"இன்னாண்ணே, கத்திரி முளைச்சிச்சா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பி-7 மூணு நாளா ஆப்சென்ட் தம்பி. இன்ஃபர்மேஷனே இல்ல."

தக்காளி டெம்பரரி. மிளகாய் ப்ரொபேஷன். அவரை காண்ட்ராக்ட், பந்தல் போட்டுக் கொடுத்தால்தான் ஏறுவேன் என்று நிற்கும். போன மே மாதம் தக்காளி வரிசையாகப் பூவை உதிர்த்தது. டைரியில் 'பூ உதிர்வு 15. விளக்கம் கோரப்படுகிறது' என்று எழுதிவைத்தார். ராத்திரியிலும் வெக்கை தணியாவிட்டால் தக்காளி பூவைத் தாங்காது, அவ்வளவுதான் விஷயம். அண்ணி அதையே சுருக்கமாகச் சொன்னார்: "கத்திரி வெயில்ல அது லீவு போட்டுகிது. அதுக்காச்சும் அறிவுகிது."

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டும் ஊர் இது. இலை மேல் புழுதியும் புகைக்கரியும் படிவதைச் சொல்லவேண்டியதில்லை. சாயங்காலம் அண்ணன் ஒரு பிடி பனியன் வேஸ்ட்டை ஈரமாக்கி, இலைக்கு அடியில் இடது கையைக் கொடுத்து, காம்பிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பாக இழுப்பார். பிறகு துணியைத் திருப்பி வெளிச்சத்தில் பார்ப்பார். ஒரு கத்திரிச் செடிக்கு இருபது நிமிஷம் ஆகும். அந்த நேரத்தில் மட்டும் அவர் யாரையும் அதட்டுவதில்லை.

இந்தக் கரி விஷயத்தில் ராயபுரத்தில் அவருக்கு ஒரு பங்காளி இருக்கிறார், துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர். முல்லை பூக்கவில்லையா, நிலக்கரித் தூசு. புதினா கருகியதா, நிலக்கரித் தூசு. 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்று எண்ணூர்ப் பக்கம் போனது. அதோடு அவருடைய சாக்கும் போயிற்று. மனிதர் மிகவும் ஒடிந்துவிட்டார்.

எங்கள் அண்ணனுக்கு அப்படிச் சாக்குச் சொல்லும் வழக்கம் கிடையாது. உப்புக்காற்று இலை நுனியைத் தீய்க்கிறது, போர்த் தண்ணீர் வாயில் வைக்க விளங்காது. பசலை, பிரண்டை, கற்பூரவல்லி வையுங்கள், இந்த ஊருக்கு அது போதும் என்று சொல்லிப் பார்த்தேன். அந்த வருஷத்துத் திட்டத்தில் காலிஃபிளவர், குடைமிளகாய், ஸ்ட்ராபெர்ரி இருந்தன.

"காட்டுப்பள்ளியில 2010-லயே பிளான்ட் போட்டு, நாளைக்குப் பத்து கோடி லிட்டர் கடல் தண்ணிய நல்ல தண்ணியா மாத்திட்டான். நான் நாலு காலிஃபிளவர் போடக்கூடாதா?" என்றார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து பதில் சொல்லிவிட்டுப் போனது.

அதற்கு முன் 2016-இல் வர்தா. நிழலுக்குக் கட்டியிருந்த பச்சை வலை பிய்த்துக்கொண்டு பறந்தது. ரோட்டில் நின்றிருந்த டிரெய்லர் ஒன்றின் மேல் விழுந்து துறைமுகத்துக்குள்ளேயே போய்விட்டது என்பது அவர் கட்சி. "எக்ஸ்போர்ட் குவாலிட்டி வலைப்பா அது" என்று இன்றைக்கும் பெருமைப்படுகிறார்.

மீன் அமிலக் கதையைச் சொல்லாமல் விட்டால் தெருக்காரர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். மீன் கழிவும் வெல்லமும் சம எடை, டப்பாவில் போட்டு இறுக்கி மூடி மூன்று நாலு வாரம் வைத்தால் அருமையான பயிர் ஊக்கி. லிட்டர் தண்ணீருக்குப் பத்து மில்லி போதும். காசிமேட்டில் மீன் வெட்டும் அம்மாக்கள் கழிவைச் சும்மாவே கொடுக்கிறார்கள் என்றதும் அண்ணனுக்கு உற்பத்தி வெறி ஏறிவிட்டது. பன்னிரண்டு பைக்கு வாரம் ஒரு லிட்டர் கரைசல் என்றால் வருஷத்துக்கு 520 மில்லி அமிலம். அவர் தயாரித்தது பதினைந்து லிட்டர். ஏறக்குறைய 29 வருஷத்து ஸ்டாக். பன்னிரண்டாம் நாள் நடுநிசியில் டிரம் மூடி வெடித்தது. காலையில் மாடியில் பதினோரு பூனை. காசிமேட்டிலேயே பிறந்து வளர்ந்த எதிர்வீட்டு ஆயா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யப்பா, இன்னா கவுச்சிடா இது!" என்றது. அண்ணன் டைரியில் 'பிரஷர் வால்வு தேவை' என்று குறித்துக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை கீழேயிருந்து அண்ணி குரல் கொடுத்தார்: "சங்கரா கொழம்பு கொதிக்குது, ரெண்டு ஈர்க்கு கருவேப்பில பறிச்சினு வா."

அண்ணன் டைரியைப் புரட்டினார். "ஏ-3… முதல் அறுவடை அடுத்த ஜூன், ரெண்டாவது வாரம்."

அண்ணி அதற்குள் எங்கள் வீட்டு மதிலருகே வந்துவிட்டார். எங்கள் கறிவேப்பிலை மரம் யாரும் வைத்ததில்லை. பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் தானாக முளைத்து மாடி உயரத்துக்கு நிற்கிறது. என் மனைவி ஒரு கொத்தாக ஒடித்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை பல் துலக்க வெளியே வந்தேன். மரத்தின் தாழ்ந்த கிளையில் பளபளவென்று ஒரு பித்தளை டோக்கன் ஆடிக்கொண்டிருந்தது. வி-1.

மாடியை அண்ணாந்து பார்த்தேன். ரவுண்ட்ஸில் இருந்தார்.

"அண்ணே, 'வி'ன்னா இன்னா?"

"வெண்டர் தம்பி. சப்ளை டைமுக்கு வரணும்."