வெள்ளைச் சுவரும் தேங்காய் எண்ணெயும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஓட்டலில், சாப்பாடு வரும்வரை சுவரில் சாயக் கூடாது என்று எனக்கு உத்தரவு போட்டார்கள். போட்டவன் என் மைத்துனர் மகன். ஓட்டல் அவனுடையது. ஊர் தரங்கம்பாடி. "சாயாதீங்க மாமா, ஒயிட் வால். எண்ணெய் பட்டா போகாது."

அங்கே தின்ற வஞ்சிரம் வறுவலைப் பற்றிச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இந்தச் சுவர்.

இப்போதெல்லாம் ஓட்டல் வைக்கிறவனிடம் 'சமையலுக்கு யாரு?' என்று நாம் கேட்பதில்லை. 'என்ன தீம்?' என்றுதான் கேட்கிறோம். இவன் தீம் மெடிட்டரேனியன். கிரேக்க நாட்டுச் சாந்தோரினித் தீவாம். வெள்ளைச் சுவர், நீலக் கதவு, எங்கு பார்த்தாலும் ஆர்ச், பிளாஸ்டிக் ஆலிவ் மரம், பிளாஸ்டிக் காகிதப்பூக் கொடி. (அசல் காகிதப்பூ காம்பவுண்டுக்கு வெளியே ஒருவரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்துத் தொலைக்கிறது.) கடல் பார்த்த ஜன்னல்களை ஏசிக்காக அடைத்துவிட்டு, அடைத்த இடத்தில் கடலை வரைந்திருக்கிறார்கள். சாதுவான கடல். மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை விழுங்கிய நம் கடலை வரைந்தால் யாருக்குச் சோறு இறங்கும்?

"வெள்ளைக்காரன் ஊருதானே மாமா, மேட்ச் ஆகும்னாரு டிசைனர்."

எந்த வெள்ளைக்காரன்? 1620-இல் ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டி, 1845-இல் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனியிடம் தள்ளிவிட்டுப் போன டேனிஷ்காரன். அவன் ஊர் குளிரில் விறைத்துக் கிடக்கிற வடக்கு. அவனுக்காகச் சாந்தோரினி போடுவது, ஆசியாதானே என்று கும்பகோணத்தில் மங்கோலியக் கூடாரம் அடிப்பது மாதிரி.

மத்தியதரைக்கடல்தான் வேண்டுமென்றால் பக்கத்தில் யவனர்கள் வந்திறங்கிய பூம்புகார் இருக்கிறது. இன்னும் வடக்கே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய ஆம்போரா ஜாடிகள் அகப்பட்டன. அந்த மாதிரி ஜாடிகளில் ஒயின் வந்தது, ஆலிவ் எண்ணெய் வந்தது, மீனை உப்பில் ஊறப்போட்டு இறக்கிய சாறும் வந்தது. கருவாட்டுக் கரைக்குக் கப்பலேற்றி மீன் சாறு கொண்டுவந்தவன் வியாபாரி! இவன் வாசலில் ஒரு ஃபைபர் ஜாடியை நிறுத்தி உள்ளே எல்இடி பல்பு போட்டிருக்கிறான்.

சுவருக்கு வருகிறேன். சாந்தோரினிக்காரன் அடித்தது சுண்ணாம்பு. வெயிலைத் திருப்பும், அழுக்கானால் மேலே இன்னொரு கை அடிக்கலாம். நீலத்துக்குத் துணிக்குப் போடும் நீலப்பொடியைத்தான் கலந்தான். நாமும் அதே கட்சிதான். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, துளி நீலம் கலந்து, பொங்கலுக்குப் பொங்கல் அடித்தோம். அந்தச் சுவருக்குத் தமிழன் தலையைக் கண்டு பயமில்லை. உட்கார்ந்த உயரத்தில் வட்டமாக ஒரு கறை இருந்தால் அது தாத்தா. ஒரு சாண் கீழே இருப்பது பாட்டி. கட்டில் தலைமாட்டில் நீளவாக்கில் இருப்பது, அரியர் வைத்திருந்த சித்தப்பா. திண்ணைத் தூணில் மினுங்குவது பாலிஷ் என்று நினைக்காதீர்கள், மூன்று தலைமுறை முதுகும் எண்ணெயும். கறையின் உயரத்தை வைத்துப் பேரன் வளர்ந்ததைச் சொல்லலாம். அடர்த்தியை வைத்து வீட்டில் யாருக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று சொல்லலாம். பெண் வீட்டார் ஜாதகத்தை விட்டுவிட்டு மாப்பிள்ளை வீட்டுச் சுவரைப் பார்த்திருந்தால் இந்த டெல்டாவில் பாதிக் கல்யாணம் நடந்திருக்காது, என்னுடையது உட்பட. தை பிறந்ததும் எல்லாரும் சுண்ணாம்புக்கு அடியில் போய்விடுவார்கள். மாசி பாதியில் தாத்தா மறுபடி உதயமாவார்.

இவன் அடித்திருப்பது எமல்ஷன். கழுவலாம் என்று டப்பாவில் போட்டிருக்கிறதாம். கழுவினால் கறை போகாமல் ஊர்வலம் போகிறது. அதற்கு மேல், நாற்காலியும் கிடையாது. சுவரோடு சேர்த்துக் கட்டிய சிமெண்டுத் திண்டு, அதுவும் சாந்தோரினி வழக்கமாம். முதுகில்லாத திண்டில் உட்காரவைத்து, முக்கால் மணி நேரம் காக்கவைத்தால், மூட்டுவலிக்காரன் எங்கே சாய்வான்? வரைந்த கடலிலா? ஏற்கெனவே திண்டு நெடுக, தலை உயரத்தில், வரிசையாக வட்டங்கள். பொறையாறு, ஆக்கூர், திருக்கடையூர் என்று சுற்றுவட்டாரமே வந்து முத்திரை குத்திவிட்டுப் போயிருக்கிறது.

இதற்கும் டிசைனர் வழி சொல்லிவிட்டாராம். தலை உயரத்துக்குப் பழுப்பு டைல்ஸ் ஒரு வரிசை. "இத்தாலி டச் மாமா." செலவைச் சொன்னான், மயக்கம் வந்தது. அந்தச் செலவை ஹம்மஸில்தான் எடுக்கப்போகிறான். அரைத்த கொண்டைக்கடலை, நடுவில் குழி பறித்து எண்ணெய் ஊற்றிக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அந்த எண்ணெய்க்கு மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.