இலக்கியச் சேவையில் நியூயார்க் போலீஸ்

படைப்பிலக்கியத்துக்கு நியூயார்க் போலீஸ் ஆற்றிய தொண்டுக்கு இன்னும் ஒரு பரிசுகூடக் கிடைக்காதது அநியாயம். 1989 ஏப்ரலில் சென்ட்ரல் பார்க்கில் ஓட்டப்பயிற்சிக்குப் போன ஒரு பெண்ணை யாரோ ஒருவன் வன்புணர்ந்து, குற்றுயிராகப் போட்டுவிட்டுப் போனான். அவனைத் தேடி அலைவானேன் என்று, 14 முதல் 16 வயதுவரையிலான கறுப்பின, லத்தீன் பையன்கள் ஐந்து பேரை உட்காரவைத்து விடிய விடியக் கதை கட்டினார்கள். ஆசிரியர் பெயர் மட்டும் பையன்களுடையது. எந்த இடம், என்ன நேரம், யார் அடித்தது என்பதில் ஒரு வாக்குமூலம் இன்னொன்றோடு ஒட்டவில்லை. மரபணு ஒருவனுக்கும் பொருந்தவில்லை. அதனாலென்ன, கதையில் லாஜிக் பார்க்கலாமா? ஜூரிகள் பார்க்கவில்லை.

விளம்பரதாரரும் வந்து சேர்ந்தார். விசாரணை தொடங்குமுன்பே டொனால்ட் டிரம்ப் என்ற கட்டட முதலாளி நான்கு நாளிதழ்களில் முழுப்பக்கம் வாங்கி, மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்.

ஐவரில் யூசுஃப் சலாம் எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்துப் போடாதவன். 1990இல் தண்டனை அறிவிக்கும் நாளில், தானே எழுதிய ராப் கவிதையை நீதிமன்றத்தில் வாசித்தான். இந்த வழக்கிலேயே ஒரு பையன் சொந்தமாக எழுதியது அது ஒன்றுதானோ என்னவோ. போலீஸ் எழுதினால் சாட்சியம், பையன் எழுதினால் திமிர். 5 முதல் 10 ஆண்டு தீட்டினார்கள்.

ஏறக்குறைய ஏழாண்டு உள்ளே கிடந்து எழுதிக்கொண்டே இருந்தான். அந்தக் கவிதைகளிலிருந்து 2020இல் இபி ஸோபோயுடன் சேர்ந்து ஒரு கவிதை நாவலும் வந்தது. உடனே, சிறை அவனைக் கவிஞனாக்கியது என்று உருகுகிற ஒரு கூட்டம்! சோறு போட்டு, அறை பூட்டி, எழுத்தாளர் முகாம் நடத்தினார்கள் பாருங்கள். புத்தகத்தைப் புகழ்ந்துவிட்டுப் பூட்டு போட்டவன் பெயரைக் கேட்காமல் போவது ரசனையல்ல, கோழைத்தனம்.

2002இல், வேறு குற்றங்களுக்காக ஏற்கெனவே சிறையிலிருந்த ஒருவன் நான்தான் செய்தேன் என்றான். மரபணுவும் ஆமாம் என்றது. தண்டனைகள் ரத்தாயின. 2014இல் நகரம் தவறை ஒப்புக்கொள்ளாமலே ஐவருக்குமாக 4 கோடியே 10 லட்சம் டாலர் கொடுத்தது. 2023இல் ஹார்லெம் மக்கள் சலாமை நகரசபைக்கு அனுப்பினார்கள். பதவியேற்ற மாதமே போலீஸ் அவர் காரை மறித்தது; கண்ணாடி கறுப்பாக இருந்ததாம்.

விளம்பரம் கொடுத்தவர் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அமெரிக்கர்கள் அவரை இரண்டு முறை அதிபராக்கியிருக்கிறார்கள்.